பிட்சிங் பயிற்சிக்குக் கருவிகள்: முதல் செலவு காலடிக்கு

சென்னையில் பேஸ்பால் பிட்சிங், அதாவது பேட்டருக்குப் பந்து எறிவது, பழக இடம் தேடுகிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்பது கிரிக்கெட் நெட்டில்தான். அதில் தப்பில்லை. சுற்றிலும் வலை இருக்கிறது, நீளம் இருக்கிறது, அதிகாலையில் பெரும்பாலும் காலியாகவும் கிடைக்கிறது. அளவுகூடக் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். கிரிக்கெட் ஆடுகளம் ஸ்டம்ப்புக்கு ஸ்டம்ப் 66 அடி. பேஸ்பாலில் பிட்சரின் கால் தொட்டு நிற்கும் ரப்பர் கட்டையின் முன்விளிம்பிலிருந்து, பேட்டரின் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் தகடான ஹோம் பிளேட்டின் பின்முனை வரை 60 அடி 6 அங்குலம். ஒரு பக்க ஸ்டம்ப் நிற்கும் இடத்தில் ஹோம் பிளேட்டின் பின்முனையை வைத்தால், எதிர்ப்பக்க ஸ்டம்ப்பிலிருந்து ஐந்தரை அடி முன்னால் ரப்பர் வரும். கிரீஸ் கோடு ஸ்டம்ப்பிலிருந்து 4 அடி. ஆகவே அந்தக் கோட்டுக்கு ஒன்றரை அடி முன்னால் ஒரு சாக்பீஸ் கோடு கிழித்தால் தூரம் சரி. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் அளவு 46 அடிதான். அவர்களுக்கு அதே ஸ்டம்ப்பிலிருந்து 20 அடி முன்னால் கோடு.

ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் உட்கார இடம் வேண்டும், அவருக்குப் பின்னால் வலை தொய்ந்து தொங்கவும் இடம் வேண்டும். ஸ்டம்ப்புக்குப் பின்னால் ஆறடிகூட இல்லாத நெட் என்றால் எல்லாவற்றையும் அதற்கேற்ப முன்னால் தள்ளித்தான் போட வேண்டும்.

பொருத்தம் இந்த அளவோடு முடிந்துவிடுகிறது. கிரிக்கெட்டில் பந்து போடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீண்டால் அது த்ரோ. பிட்சிங்கில் மடங்கிய முழங்கை சட்டென்று நீள்வதுதான் வேகமே. வேகப்பந்து வீச்சாளருக்குச் சுமை விழுவது இடுப்புக்கு மேலான முதுகெலும்பிலும் தரையைக் குத்தும் முன்காலிலும். பிட்சருக்கு விழுவது முழங்கையின் உட்பக்கத் தசைநாரிலும் தோளிலும். 1974இல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்த அறுவை சிகிச்சை அந்த உட்பக்கத் தசைநாருக்காகத்தான். இன்றுவரை டாமி ஜான் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. 2008இல் இந்தியா முழுக்க நடந்த ஒரு தேடல் போட்டியில் தேர்வாகி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்துகொண்ட ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் கிரிக்கெட்டர்கள் அல்ல, ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். வேகப்பந்து வீச்சாளர்களைப் பழக்கும் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் 1987 முதல் இயங்கும் ஊர் இது. வேகத்தைப் பற்றிய அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் அந்த அறிவு பிட்சிங்குக்குத் தேவையான கருவிகளைக் காட்டித் தராது.

கருவி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ரேடார் கன், அடுத்து எடை கூடிய பந்துகள். இரண்டுமே கடைசியில் வர வேண்டியவை. பிட்சரைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் முதலில் அவர் நிற்கும் மேடு, அடுத்து பந்து போய் விழும் இடம், மூன்றாவது அந்தப் பந்தின் வழியில் இருக்கும் மனிதர்கள். இந்த வரிசையில்தான் காசு இறங்க வேண்டும்.

மேடு

விதிப்படி பிட்சரின் மேடு ஹோம் பிளேட்டைவிட 10 அங்குலம் உயரம். 1968 வரை 15 அங்குலம் இருந்தது. பிட்சர்கள் கை மிகவும் ஓங்கிப்போனதால் 1969இல் குறைத்தார்கள். ரப்பர் 24 அங்குல நீளம், 6 அங்குல அகலம். ரப்பருக்கு முன்னால் 6 அங்குலம் சமதளம், அதன்பின் அடிக்கு ஓர் அங்குலம் என்று சரிவு. லிட்டில் லீக் மேடு 6 அங்குலம்.

இந்தச் சரிவை விட்டுவிட்டுச் சமதரையில் மட்டுமே பழகினால் என்ன ஆகும்? மேட்டில் முன்கால் இறங்கும் இடம் தள்ளும் காலைவிட நாலைந்து அங்குலம் தாழ்ந்தது. கால் தரையைத் தொட எடுக்கும் நேரம் கொஞ்சம் கூடுகிறது. சமதரைக்குப் பழகிய கை அந்தக் கூடுதல் நேரத்துக்குக் காத்திருக்காது. கால் ஊன்றுவதற்குள் முன்னால் வந்துவிடும். பந்து உயரே பறக்கும், தோள் தனியாக இழுத்து எறியும். கேட்ச் விளையாடவும் கை சூடேற்றவும் சமதரை போதும். மேட்டில் ஆடப்போகிறவர் முழு வேகத்தில் எறிவதை மேட்டில்தான் பழக வேண்டும். அதே சமயம் தப்பாகக் கட்டிய மேட்டைவிடச் சமதரையே மேல். அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு வைத்துவிட்ட மேட்டில் ஒவ்வொரு எறிதலிலும் முன்கால் பள்ளத்தில் விழுந்து முழங்கால் குலுங்கும்.

நெட்டுக்குள் சிமென்ட் தரை என்றால் மரமேடுதான் வழி. எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஷீட் ஒன்றும், இன்னொன்றில் பாதிக்கும் குறைவும் போதும். 18 மி.மீ. மரைன் பிளை, அதாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதை எடுக்க வேண்டும். கமர்ஷியல் பிளை ஒரே மழைக்காலத்தில் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். முதல் ஷீட்டை 2 அடியில் குறுக்கே அறுக்க வேண்டும். அந்த 2 அடித் துண்டு மேல்தளம்: ரப்பருக்குப் பின்னால் 12 அங்குலம், ரப்பர் 6, முன்னால் 6. மீதி 6 அடித் துண்டு சரிவு. அதன் முடிவில் மேடு 4 அங்குல உயரத்துக்கு இறங்கியிருக்கும். இந்தக் கணக்கில் ஒரு வசதி உண்டு. சரிவுப் பலகை இரண்டாவது ஷீட்டின் துண்டோடு சேரும் இணைப்பு ரப்பரிலிருந்து ஆறரை அடி தள்ளி இருக்கும். பிட்சர் முன்காலை எட்டி வைக்கும் தூரம் அவர் உயரத்தில் ஏறக்குறைய 80 முதல் 100 சதவீதம். ஐந்தரை, ஐந்தேமுக்கால் அடி உயரமுள்ளவரின் முன்கால் பாதம் முழுவதும் ஒரே பலகைமேல்தான் இறங்கும். இணைப்பு பாதத்துக்கடியில் வந்தால் ஒரு பலகை அமுங்கி மற்றொன்று நிற்கும், கணுக்கால் பிரண்டுவிடும். விலைக்கு வரும் மடக்கு மேடுகள் சிலவற்றில்கூட இணைப்பு சரியாகக் கால் விழும் இடத்தில் இருக்கும். வாங்குமுன் டேப்பை நீட்டிப் பார்ப்பது நல்லது.

பலகையின் தடிமனையும் மேலே ஒட்டும் செயற்கைப் புல்லின் தடிமனையும் கழித்துத்தான் சட்டம் அடிக்க வேண்டும். பிளை 18, புல் 12 என்றால் 30 மி.மீ. போகும். 10 அங்குலம் என்பது 254 மி.மீ.; ஆகவே மேல்தளச் சட்டத்தின் உயரம் 224 மி.மீ. அங்கிருந்து ஒவ்வோர் அடிக்கும் 25 மி.மீ. சொச்சம் குறைத்துக்கொண்டே போனால், சரிவு தொடங்கி 8 அடி 10 அங்குலத்தில் சட்டம் தரையைத் தொட்டுவிடும். அதற்குமேல் பலகையை நீட்டி வைப்பதில் பயனில்லை. ஆகவே இரண்டாவது துண்டு 2 அடி 10 அங்குலத்தோடு நிற்கும். அதன் முனையில் 30 மி.மீ. படி ஒன்று மிஞ்சும். இழைத்துச் சாய்த்துவிட வேண்டும். எறிந்து முடித்தபின் பின்கால் சுழன்று முன்னே வந்து விழும்போது தட்டுவது அங்கேதான்.

குறுக்குச் சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருக்கலாம். ரப்பருக்கடியிலும் கால் விழும் இடத்திலும் 12 அங்குலத்துக்கு ஒன்று வேண்டும். இடைவெளி கூடினால் பலகை துள்ளும். துள்ளும் பலகையில் முன்கால் ஊன்றி நிற்க முடியாது, உடம்பு நிற்காததைக் கை ஈடுகட்டப் பார்க்கும். ரப்பரை ஆணியில் அடிக்கக்கூடாது. போல்ட் போட்டு, தலையைக் குழிக்குள் இறக்கிவிட வேண்டும். அடிப்பக்கம் முழுக்க ரப்பர் ஷீட் ஒட்டாவிட்டால் சிமென்ட்டின்மேல் மேடு எறிதலுக்கு எறிதல் நகரும். முன்கால் ஊன்றும் விசை அதை ஹோம் பிளேட் பக்கம் தள்ளும், பத்துப் பந்துக்குள் தூரம் மாறிப்போகும். முளை ஆணி உள்ள ஷூ மரமேட்டில் ஆகாது. அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் உள்ள டர்ஃப் ஷூ போதும். புல் முதலில் தேய்வது கால் விழும் இடத்தில்தான் என்பதால், அங்கே மட்டும் மூன்றுக்கு இரண்டு அடியில் தனித் துண்டாக ஒட்டிவிட்டால் மாற்றுவது எளிது.

மைதானத்தில் மண்மேடு கட்ட இடம் கிடைத்தால் அதுதான் உண்மையான பயிற்சி. வழக்கமான கலவை 40 பங்கு மணல், 40 களிமண், 20 வண்டல். கிரிக்கெட் பிட்ச்சுக்குக் களிமண் போட்டு உருட்டிப் பழகிய மைதானப் பணியாளரிடம் இந்த விகிதத்தைச் சொன்னாலே போதும், மீதி வேலையை அவர் கை அறியும். ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகப் போட்டு, ஈரப்படுத்தி, திமிசுக் கட்டையால் இடித்து ஏற்ற வேண்டும். பத்து அங்குலத்தையும் ஒரே நாளில் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடியில் பொத்தலாகவே இருக்கும், முதல் வாரத்திலேயே குழி விழும்.

உயரம் பிடிக்கத் தரையைக் கண்ணால் நம்பக்கூடாது. மழைத்தண்ணீர் வடிவதற்காக நம் மைதானங்கள் ஏதாவதொரு பக்கம் சாய்ந்திருக்கும். 60 அடியில் மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 10 அங்குல மேடு 13 அங்குலமாகிவிடும், அல்லது 7. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் இதற்குப் போதும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஹோம் பிளேட்டிலும் மறுமுனையை ரப்பரிலும் குச்சியோடு பிடித்தால் இரண்டு இடத்திலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்தந்தக் குச்சியில் தரையிலிருந்து தண்ணீர் வரை அளந்து, ஹோம் பிளேட் அளவிலிருந்து ரப்பர் அளவைக் கழித்தால் வருவதுதான் மேட்டின் உண்மையான உயரம்.

மண்மேட்டில் இரண்டு இடம் குழியாகும்: ரப்பருக்கு முன்னால் தள்ளும் கால் அழுந்தும் இடம், முன்கால் இறங்கும் இடம். முதல் குழி இரண்டு அங்குலம் ஆழமானாலே பாதம் சாய்ந்து, தள்ளுவதற்குப் பதில் ரப்பர்மேல் ஏறி நிற்க வேண்டியதாகிவிடும். இரண்டாவது குழி இன்னும் மோசம். உயரமான பையன் தோண்டிய குழியின் விளிம்பில் குள்ளமான பையனின் குதிகால் விழும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் உதிரி மண்ணைப் பெருக்கி எடுத்து, குழியை நனைத்து, புதுக் களிமண் வைத்து இடிப்பது பத்து நிமிட வேலை. உதிரி மண்ணையே திரும்பக் காலால் தள்ளி மூடுவதுதான் எங்கும் நடப்பது. அது ஒட்டாது. மே மாத வெயிலில் களிமண் வெடிக்காமலிருக்க மாலையில் தண்ணீர் தெளித்துத் தார்ப்பாய் போட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தார்ப்பாய் மட்டும் போதாது. சுற்றிலும் ஒரு சிறு வாய்க்கால் வெட்டாவிட்டால் தண்ணீர் அடியிலிருந்து ஏறி மேடு குழைந்துவிடும்.

மெரினா மணலில் எறிந்து பழகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓடுவதற்கு மணல் நல்லது. பிட்சிங்குக்கு ஆகாது, ஊன்றிய கால் சறுக்கிக்கொண்டே போனால் எறிவது கை மட்டும்தான்.

பந்து போய் விழும் இடம்

கேட்சர் இல்லாமல் தனியாக எறியும்போது பெரும்பாலும் அடிபடுவது திரும்பி வரும் பந்தில்தான். காரணம் விறைப்பாகக் கட்டிய வலை. அழகுக்காக நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டிய வலை 110 கி.மீ. பந்தைக் கவண் போலத் திருப்பி அனுப்பும். வலை ஒன்று ஒன்றரை அடி தொய்ந்து தொங்க வேண்டும், அடிப்பக்கம் தரையில் மடிந்து கிடக்க வேண்டும். அப்போதுதான் பந்து வேகம் இழந்து காலடியில் விழும்.

பேஸ்பாலின் விட்டம் 73 முதல் 75 மி.மீ.; கிரிக்கெட் நெட்டின் 45, 50 மி.மீ. கண்ணி அதற்குத் தாராளம். பார்க்க வேண்டியது நூலின் தடிமன். காசிமேட்டுப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் மீன்வலை கண்ணி சரியாக இருந்தாலும் நூல் மெலிந்தது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பந்து பட்டால் அறுந்துவிடும். 2.5 மி.மீ.க்குக் குறையாத முறுக்கு நூல் வேண்டும். வெயில் படும் மேற்குப் பக்க மேல்விளிம்புதான் முதலில் இற்றுப்போகும். மாதம் ஒருமுறை அந்த இடத்து நூலை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் பிடித்துத் தேய்த்தால் பொடி உதிர்கிறதா என்று தெரியும். உதிர்ந்தால் அந்தப் பகுதியை மாற்றிவிட வேண்டும்.

சுவரை ஒட்டித்தான் இடம் இருக்கிறது என்றால், பழைய தேங்காய்நார் விரிப்பைவிட நல்ல தடுப்பு இந்த ஊரில் கிடையாது. மேட்டிங் விக்கெட்டில் ஆடித் தேய்ந்ததைக் கிளப்புகள் ஓரமாகச் சுருட்டிப் போட்டிருக்கும். அதை இரண்டாக மடித்து, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, மேல்பக்கம் மட்டும் கட்டித் தொங்கவிட வேண்டும். அடிப்பக்கத்தையும் கட்டினால் அது மறுபடி விறைத்த திரையாகிவிடும். பந்து அதில் பட்டதும் தொப்பென்று செத்து விழும். மழையில் நனைந்தால் கனம் தாங்காமல் கயிறு அறும் என்பதால் பயிற்சி முடிந்ததும் சுருட்டி வைத்துவிட வேண்டும்.

குறிக்கு ஒன்பது பை வைத்த வலைச்சட்டம் கடையில் கிடைக்கிறது. அதைவிட எளிய சாதனம் ஒன்று 1940களின் இறுதியிலேயே இருந்தது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, வீரோ பீச் பயிற்சி முகாமில் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கிலும் நெடுக்கிலும் கயிறு கட்டி, பந்து பிளேட்டைக் கடக்க வேண்டிய இடமான ஸ்ட்ரைக் சோனைச் செவ்வகமாகக் காற்றிலேயே வரைந்து காட்டினார். நாமும் அப்படியே கட்டலாம். ஹோம் பிளேட்டின் முன்விளிம்புக்கு நேராக இரண்டு கம்பம். நடுவில் 17 அங்குல இடைவெளியில் இரண்டு நெடுக்குக் கயிறு. தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஒரு குறுக்குக் கயிறு, மூன்றரை அடியில் ஒன்று. கயிற்றுக்குப் பதில் தையல்கடை எலாஸ்டிக் கட்டினால் பந்து பட்டாலும் அறாது. கம்பங்களை ஆறடி இடைவெளியில் நட்டு நுரைக்குழாய் சுற்றிவிட வேண்டும். இதன் சிறப்பு, பந்து எதிலும் முட்டாமல் செவ்வகத்துக்குள் நுழைந்து கேட்சரின் கையுறைக்குப் போவதுதான். பையைக் குறிவைத்து எறிபவர் பந்து நிற்கும் இடத்தைப் பார்க்கிறார். கயிற்றுக்கு எறிபவர் பந்து பிளேட்டைக் கடக்கும் இடத்தைப் பார்க்கிறார். வளையும் பந்துக்கு இரண்டும் ஒன்றல்ல.

பேட்டர் நிற்பதுபோல ஓர் உருவம் வைத்தால்தான் உள்பக்கம் எறியும் துணிவு வரும். பி.வி.சி. குழாயில் செய்யாதீர்கள், பட்டால் குழாய் சிதறும், பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கட்டி, ஒரு சட்டத்திலிருந்து தொங்கவிட்டால் அடியை அதுவே வாங்கிக்கொள்ளும். சும்மா நில்லுடா என்று ஒரு பையனை ஹெல்மெட் இல்லாமல் நிறுத்துவது சென்னை மைதானங்களில் சாதாரணமாக நடக்கிறது. நிறுத்த வேண்டிய பழக்கம் அது.

எதிரே இருப்பவர்

கிரிக்கெட் விக்கெட் கீப்பரைக் கூட்டிவந்து உட்காரவைத்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. வேகப்பந்துக்குக் கீப்பர் தள்ளி நிற்கிறார். பந்து தரையில் பட்டு வேகம் குறைந்து அவரிடம் வருகிறது. கேட்சர் பிளேட்டுக்கு மூன்றடி பின்னால் குந்தியிருக்கிறார். பந்து நேராக வருகிறது. மோசமானது பிளேட்டுக்கு முன்னால் தரையில் குத்தி எழும் பந்து. அது வருவது தொண்டைக்கும் மார்புக்கும். கிரிக்கெட் ஹெல்மெட்டின் கம்பிவலை முகத்தைக் காக்கும், தொண்டையைத் திறந்துவிடும். கேட்சர் முகமூடியில் கீழே தொங்கும் தொண்டைக்காப்பு இதற்காகத்தான். கிரிக்கெட்டிலிருந்து தயங்காமல் எடுத்துக்கொள்ளக்கூடியது அப்டமன் கார்டு ஒன்றுதான். கால்பேட் ஓரளவுக்கு உதவும், ஆனால் குந்தும்போது முழங்காலையும் பாதத்தின் மேற்புறத்தையும் மூடாது. கீப்பிங் கிளவுஸ் உதவவே உதவாது. கேட்சரின் மிட் ஒரு கையில் மட்டும் போடுவது, பந்து விழுவது உள்ளங்கையில் அல்ல, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள பையில். பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடைகளில் மிட் வாங்கும்போது அந்தப் பையின் தோல்வார் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

மார்புக் கவசத்தில் சிக்கனம் கூடாது. இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு நொடித்துணுக்கில் மார்பில் பந்து பட்டால், எலும்பு முறியாமல், காயமே தெரியாமல் இதயத்தின் தாளம் குலைந்து நின்றுவிடக்கூடும். கம்மோஷியோ கார்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மார்புக்கூடு இன்னும் இறுகாத சிறுவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். பந்து மிக வேகமாக வர வேண்டும் என்றும் இல்லை. இதற்கென்று சோதித்த கவசங்களில் விளையாட்டுக் கவசங்களுக்குத் தரம் வகுக்கும் நாக்சி அமைப்பின் என்.டி.200 முத்திரை இருக்கும். மார்பில் அடிபட்டுச் சரிந்தவர் மூச்சில்லாமல் கிடந்தால் உடனே மார்பை அழுத்தத் தொடங்கி, இன்னொருவர் 108க்கு அழைக்க வேண்டும், பக்கத்தில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி இருந்தால் ஓடிப்போய் எடுத்துவர ஒருவர். தண்ணீர் தெளித்துப் பார்க்கும் நிமிடங்கள் வீண்.

அடுத்தது பிட்சரே. பேட்டர் அடிக்கும்போது பழகினால், 160 கி.மீ. வேகத்தில் திரும்பி வரும் பந்து 16 மீட்டர் சொச்சத்தை 0.4 வினாடிக்குள் கடக்கும். அந்நேரம் பிட்சர் குனிந்த நிலையில் இருப்பார். எல்-ஸ்க்ரீன் என்ற தடுப்பு இதற்குத்தான். ஏழுக்கு ஏழு அடிச் சட்டம், மேல் மூலையில் சுமார் மூன்றரை அடிச் சதுரம் வெட்டி எடுத்தது. அந்தத் திறப்பின் வழியாகக் கை எறியும். வலதுகைக்காரர் எறிந்து முடிக்கும்போது தலை இடப்பக்கம் சாயும், ஆகவே உயரப் பகுதி இடப்பக்கம். இடதுகைக்காரருக்கு அப்படியே திருப்ப வேண்டும். சட்டத்தை முன்பின் திருப்பினால் வலை பிட்சர் பக்கம் வந்துவிடும் என்பதால் இரண்டு முகத்திலும் வலை கட்டுவது புத்திசாலித்தனம். இரட்டை வலையில் ஒன்று அறுந்தாலும் இன்னொன்று காக்கும்.

நம் வெல்டிங் பட்டறைகளில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பில் இதைச் செய்துவிடுவார்கள். கோளாறு வருவது அடிப்பைப்பில். தடுப்பு ரப்பரிலிருந்து ஏழடி முன்னால் நிற்க வேண்டும், அந்த இடத்தில் மேடு இன்னும் மூன்றரை அங்குல உயரம் இருக்கிறது. அடிப்பைப் தரையோடு இருந்தால் மேடு முட்டும். மேட்டைத் தாண்டி வைத்தால் தடுப்பு விலகிப்போய் மறைப்பு குறையும். நான்கு அங்குலம் உயர்த்தி அடிப்பைப்பை வெல்டு செய்து, கால்களை மேட்டின் இருபுறமும் இறக்கிவிடச் சொல்ல வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் என்றால் உப்புக்காற்றில் வெல்டிங் இணைப்புகள் உள்ளிருந்து துருவேறும்; ஜிங்க் பிரைமர் அடித்தே தீர வேண்டும். பிற்பகல் கடற்காற்று கிளம்பினால் தடுப்பு சாயும், ஒவ்வொரு காலிலும் ஒரு மணல்மூட்டை.

எந்திரம் பற்றி ஒரு சின்னச் செய்தி. 1897 வாக்கில் பிரின்ஸ்டனில் சார்லஸ் ஹிண்டன் என்ற கணித ஆசிரியர் வெடிமருந்தால் இயங்கும் பிட்சிங் பீரங்கி ஒன்றைச் செய்தார். நான்காவது பரிமாணத்தைப் பற்றி எழுதிய அதே ஹிண்டன்தான். பேட்டர்கள் பயந்தார்கள், சிலருக்குக் காயமும் பட்டது. இன்றைய சக்கர எந்திரங்கள் பேட்டருக்கானவை, பிட்சருக்கு அவற்றால் பயன் குறைவு. ஆனால் கிரிக்கெட் அகாடமியின் பவுலிங் எந்திரத்தைத் தரையில் படாமல் நேராக எறியும்படி வைத்தால், புதுக் கேட்சருக்குப் பந்து வாங்கப் பழக்க அருமையான கருவி. கவசம் முழுவதும் போட்டுக்கொண்டுதான்.

பந்தும் எண்ணும்

பேஸ்பால் 142 முதல் 149 கிராம். கிரிக்கெட் பந்து 156 முதல் 163. எடையைவிடப் பெரிய வேறுபாடு தையல். பேஸ்பாலின் 108 இரட்டைத் தையல் பந்தைச் சுற்றி வளைந்து ஓடும், விரல் எங்கே பதிந்தாலும் அதற்கேற்பச் சுழற்சி மாறும். கிரிக்கெட் பந்தில் நடுவில் ஒரே வரி. விரல்களைத் தையலுக்குக் குறுக்கே வைக்கும் ஃபோர்-சீம் பிடியை அதில் கற்க முடியாது. காசை மிச்சம் பிடிக்கக் கிரிக்கெட் பந்தில் பழகினால் கைக்குச் சுமை கூடுவது மட்டும்தான் மிஞ்சும்.

சென்னை ஈரப்பதம் தோல்பந்தின் எதிரி. அமெரிக்காவின் பெரிய லீக்கில் 2022 முதல் 30 மைதானங்களிலும் பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்துத்தான் எடுக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு மூடினால் போதும். பனியில் நனைந்த புல்லில் உருண்டு ஊறிய பந்தை அன்றைக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

எடை கூடிய பந்துகள் வேகத்தைக் கூட்டும் என்பது பொய்யல்ல. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 13 முதல் 18 வயதுப் பிட்சர்கள் ஆறு வாரம் 57 கிராம் முதல் 907 கிராம் வரையான பந்துகளால் பழகினார்கள். வேகம் 3.3 சதவீதம் கூடியது. அந்தக் குழுவில் 24 சதவீதம் பேருக்குக் காயமும் வந்தது. வளரும் வயதில் இந்த வியாபாரம் கட்டுபடியாகாது என்பதே எங்கள் கருத்து.

ரேடார் கன் வாங்கியவர்கள் செய்யும் வழக்கமான பிழை, பக்கவாட்டில் நின்று அளப்பது. 20 டிகிரி விலகி நின்றால் 6 சதவீதம் குறைத்துக் காட்டும். 120 என்பது 113 ஆகும். கேட்சருக்கு நேர் பின்னால், வலைக்கு அப்பால் நிற்க வேண்டும். கன் இல்லாவிட்டாலும் பல செல்போன்களில் வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் வசதி உண்டு. கையிலிருந்து மிட் வரை ஏறத்தாழ 17 மீட்டர். பந்து விடுபட்டதிலிருந்து மிட்டில் விழும்வரை 120 ஃபிரேம் என்றால் அரை வினாடி. சராசரி வேகம் மணிக்கு 122 கி.மீ. கையை விட்டுக் கிளம்பும்போது வேகம் இதைவிட நாலைந்து சதவீதம் கூடுதலாக இருந்திருக்கும். அதே படத்தில் முன்கால் ஊன்றும் ஃபிரேமில் நிறுத்தி, எறியும் கை தோளுயரத்துக்கு வந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். வேக எண்ணைவிட உதவுவது இதுதான்.

கருவிகளிலேயே மலிவானது விரலால் அழுத்தும் எண்ணி. பெரிய லீக்கும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வகுத்த பிட்ச் ஸ்மார்ட் வரம்புப்படி ஒரு நாளில் 11, 12 வயதுக்கு 85 பிட்ச் (பிட்சரின் ஒவ்வோர் எறிதலும் ஒரு பிட்ச்), 13 முதல் 16 வரை 95, 17, 18க்கு 105. அது உச்ச வரம்பு, இலக்கல்ல. 14 வயது வரை ஒரே நாளில் 66ஐத் தொட்டால் அடுத்து நான்கு நாள் ஓய்வு. 21ஐத் தொட்டாலே ஒரு நாள். பிட்ச் செய்த பையனை அதே நாளில் கேட்சராக உட்காரவைப்பதும் ஆகாது, கேட்சரும் ஒவ்வொரு பந்துக்கும் ஓர் எறிதல் எறிகிறார்.

இந்த ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. காலையில் 60 பிட்ச் எறிந்த பையன் மாலையில் தெருவில் டென்னிஸ் பந்து மேட்சில் நாலு ஓவர் போடுவான், ஞாயிற்றுக்கிழமை பள்ளி அணிக்கு பவுண்டரியிலிருந்து எறிவான். வரம்புகளை வகுத்தவர்கள் கிரிக்கெட்டைக் கணக்கில் வைத்து வகுக்கவில்லை. தோளுக்கு இரண்டும் ஒரே கணக்கு. ஆகவே எண்ணியோடு ஒரு நோட்டும் வேண்டும்: தேதி, மேட்டில் எறிந்தவை, சமதரையில் எறிந்தவை, கிரிக்கெட்டில் போட்ட ஓவர்கள், மறுநாள் காலை முழங்கையின் உட்பக்கம் வலித்ததா இல்லையா. கடைசிக் கட்டத்தில் ‘ஆம்’ என்று வந்தால், எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றைக்குப் பந்தைத் தொட வேண்டாம். இரண்டு நாளில் போகாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் அந்த நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.